இரண்டு மாத வேலைக்குக் கடல் கடக்கலாமா?

மாசி கழிந்து பங்குனி பிறக்கும் நாட்களில் பங்கு இல்லத்தை நாடி வரும் இளைஞர்களின் எண்ணிக்கை கூடுவதுண்டு. தேர்வுகள் முடியும் காலம் அது. அடுத்தது என்ன என்னும் கேள்வி எழும் காலமும் அதுவே. முன்னாளில் அவர்கள் நம்மிடம் கேட்ட நற்சான்று ஆசிரியப் பயிற்சிப் பள்ளிக்கோ, செவிலியர் கல்லூரிக்கோ உரியதாயிருந்தது. பின்னர் வளைகுடா நாடுகளுக்குச் செல்வோர் வரலாயினர். அண்மைக் காலத்திலோ புதுவகை விண்ணப்பம் ஒன்றைக் காண்கிறோம். கோடை விடுமுறையில் மட்டும், ஒன்றரை அல்லது இரண்டு மாதங்களுக்கு வெளிநாடொன்றில் ஆங்கிலம் கற்பித்துவிட்டு, இங்கே பள்ளி திறக்குமுன் ஊர் திரும்பிவிடுவது என்பதே அது.

கேட்பதற்கு இனிய ஏற்பாடுதான். கையிலிருக்கும் வேலையை விட வேண்டியதில்லை. குடும்பத்தை நெடுநாள் பிரிய வேண்டியதில்லை. நாலு காசு சேரும். உலகமும் கண்ணில் படும். கடல் கடந்து பொருள் தேடுவது தமிழருக்குப் புதியதும் அன்று. ஆயினும் ஆழமறியாமல் காலை விடாதே என்பது நம் முன்னோர் வாக்கு. ஆதலின் இவ்விதழை வாசிக்கும் குடும்பங்களுக்குப் பயன்படுமென்று, நாம் நேரில் கண்ட ஒரு நிகழ்ச்சியையும் அதன் பொருட்டு நாம் தேடியறிந்த செய்திகளையும் இங்கே எழுதுகிறோம்.

2025ஆம் ஆண்டு பிப்ரவரி இறுதியில் ஓர் ஆசிரியை தம் தாயாருடன் நம்மிடம் வந்தார். ஆங்கில இலக்கியத்தில் இளங்கலையும், கல்வியியல் பட்டமும் பெற்றவர். தனியார் பள்ளியொன்றில் மாதம் பதினாலாயிரம் ரூபாய் ஊதியத்தில் பணியாற்றி வந்தார். ஏப்ரல், மே மாதங்களுக்கு அப்பள்ளியில் ஊதியம் இல்லை. தந்தையாரின் அறுவை சிகிச்சைக்காக வாங்கிய கடன் வட்டியோடு வளர்ந்து கொண்டிருந்தது. இந்நிலையில் கைப்பேசியில் வாட்ஸ்அப் வழியாக ஒரு விளம்பரம் அவருக்கு வந்து சேர்ந்தது. தாய்லாந்தில் கோடைக்கால ஆங்கில வகுப்பு, ஏப்ரல் முதல் நாளிலிருந்து மே இறுதிவரை, மாதம் இருபத்தையாயிரம் பாத் ஊதியம், முகவருக்குக் கட்டணம் எழுபதாயிரம் ரூபாய், விசாவே தேவையில்லை.

"சாமி, ஒரு நற்சான்று எழுதிக் கொடுங்கள். அம்மாவுக்கும் நீங்களே எடுத்துச் சொல்லுங்கள்" என்றார் மகள். "சாமி, போக வேண்டாம் என்று நீங்கள் சொன்னால் இவள் கேட்பாள்" என்றார் தாயார். இருவரும் நம் வாயிலிருந்து எதிரெதிரான சொற்களை எதிர்பார்த்து அமர்ந்திருந்தனர்.

போகாதே என்று சொல்வது நமக்கு எளிது. ஆனால் அந்தச் சொல் கடனை அடைக்காது. போய் வா என்று சொல்வதும் எளிது. ஆனால் போகிறவர் அவர், நாம் அல்லோம். ஆகவே இருபது நாள் அவகாசம் கேட்டோம். அதுவரை எவருக்கும் பணம் கட்ட வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொண்டோம்.

முதலில் அந்நாட்டின் பள்ளி நாட்காட்டியைத் தேடிப் பார்த்தோம். தாய்லாந்தில் கல்வியாண்டின் முதற்பருவம் மே 16ஆம் நாளளவில் தொடங்கி அக்டோபர் 11 வரையிலும், இரண்டாம் பருவம் நவம்பர் முதல் நாளிலிருந்து மார்ச்சு வரையிலும் நடைபெறுவது வழக்கம். மார்ச்சு முதல் மே நடு வரை அங்கும் கடும் வெயில் காலம்; அதுவே அவர்களின் நீண்ட விடுமுறை. இடையில் ஏப்ரல் 13 முதல் 15 வரை 'சொங்கிரான்' என்னும் அவர்களுடைய புத்தாண்டு விழா. நம் சித்திரைப் பிறப்பும் அதே நாட்களில் வருவது தற்செயலன்று. சூரியன் மேட இராசியில் புகும் சங்கராந்தியை ஒட்டியே இரண்டும் கணிக்கப்பட்டன. 'சொங்கிரான்' என்னும் சொல்லே சங்கராந்தியின் திரிபு.

இப்போது முகவரின் விளம்பரத்தை மீண்டும் பாருங்கள். மே இறுதிவரை கோடை வகுப்பு என்கிறது. மே நடுவில் பள்ளி திறந்து மாணவர் யாவரும் வகுப்பறைக்குள் சென்றுவிடும் நாட்டில், மே இறுதிவரை கோடை வகுப்பு எங்ஙனம் நடைபெறும்? விளம்பரத்தை எழுதியவர் தாய்லாந்தின் விடுமுறையை அறிந்து எழுதவில்லை. தமிழ்நாட்டின் விடுமுறையைக் கணக்கிட்டே எழுதியிருந்தார் என்பது புலனாயிற்று. முதல் ஐயம் நமக்கு அங்கேதான் எழுந்தது.

எனினும் அந்நாட்டில் ஆங்கில ஆசிரியருக்குத் தேவை உண்டு என்பது பொய்யன்று. 2008ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த ஆசியான் சாசனம், அந்த அமைப்பின் அலுவல் மொழி ஆங்கிலமே என்று வரையறுத்துள்ளது. சுற்றுலாவும் வாணிபமும் அந்நாட்டில் ஆங்கிலத்தை வேண்டி நிற்கின்றன. பெற்றோர் பொருள் செலவிட்டுப் பிள்ளைகளை ஆங்கில வகுப்புக்கு அனுப்புகின்றனர். கோடை வகுப்புகள் அங்கே மெய்யாகவே நடைபெறுகின்றன.

ஆனால் யாரை ஆசிரியராகக் கொள்வது என்பதில் ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு விதி வைத்திருக்கிறது. தென் கொரியா ஆங்கிலம் கற்பிப்போருக்கு வழங்கும் விசாவை, பொதுவிதியாக, அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய ஏழு நாட்டவருக்கே ஒதுக்கியிருக்கிறது. ஆங்கிலம் யாருக்குத் தாய்மொழியோ அவரே கற்பிக்கத் தக்கவர் என்னும் கருத்து இதன் அடியில் இருக்கிறது. வாழ்நாளெல்லாம் ஆங்கிலம் கற்பித்த நம் ஆசிரியர் பலர் இதைக் கேட்டு வருந்துவது இயல்பே. தாய்லாந்து அத்துணைக் கண்டிப்பானதன்று. பிலிப்பீன்சு நாட்டவர் பெருந்தொகையினர் அங்கே ஆங்கிலம் கற்பிக்கின்றனர், இந்தியரும் உள்ளனர். ஆயினும் ஒரே பள்ளியில் ஒரே பாடத்தைக் கற்பித்தாலும் மேனாட்டவர் பெறும் ஊதியத்தை ஆசிய நாட்டவர் பெறுவதில்லை என்பதும் அங்கே பலரும் அறிந்த வழக்கம்.

அடுத்து விசாவைப் பற்றிய கேள்வி. விசாவே வேண்டாம் என்று முகவர் சொன்னது பாதி உண்மை. இந்தியர் விசா இன்றி வந்து போவதற்கு 2023 நவம்பர் முதல் தாய்லாந்து இடம் தந்தது. அதன் கால அளவை 2024 ஜூலையில் அறுபது நாட்களாக உயர்த்தியது. இத்தகைய சலுகைகள் அவ்வப்போது மாறக்கூடியவை. ஆனால் மாறாத செய்தி ஒன்றுண்டு: அந்தச் சலுகை சுற்றிப் பார்க்க வருவோருக்கு உரியது, வேலை செய்ய வருவோருக்கு உரியதன்று. வேலை செய்ய வருபவர் 'நான்-இமிகிரண்ட் பி' என்னும் தனிவகை விசாவைப் பெற வேண்டும். அதன்பின் பணி அனுமதி பெற வேண்டும். இதற்கான பத்திரங்களைத் தருவது அழைக்கும் பள்ளியின் பொறுப்பு. பள்ளியில் ஆசிரியராக நிற்பதற்கு, அந்நாட்டு ஆசிரியர் மன்றத்தின் உரிமமோ தற்காலிக அனுமதியோ வேண்டும். அம்மன்றத்துக்கு அவர்கள் இட்ட பெயர் 'குருசபா'. நம் காதுக்கு அந்நியமற்ற பெயர்தான். ஆனால் பெயரில் உறவு இருப்பதால் விதியில் தளர்வு இராது.

அனுமதியின்றி வேலை செய்தால் என்ன நேரும்? 2017ஆம் ஆண்டில் பிறப்பிக்கப்பட்டு 2018இல் திருத்தப்பட்ட அந்நாட்டுச் சட்டத்தின்படி, அனுமதியின்றிப் பணிபுரியும் வெளிநாட்டவருக்கு ஐயாயிரம் முதல் ஐம்பதினாயிரம் பாத் வரை அபராதமும், அதன்மேல் நாடு கடத்தலும் உண்டு. நம் ஆசிரியைக்கு இரண்டு மாதத்துக்குமாகச் சொல்லப்பட்ட முழு ஊதியமும் ஐம்பதினாயிரம் பாத்தே என்பதை நினைவிற் கொள்க. சம்பளம் முழுவதும் ஒரே நாளில் அபராதமாகப் போய்விடக்கூடும். கடவுச்சீட்டில் விழும் கறையோ பின்னர் எந்த நாட்டின் வாசலிலும் கேள்வியாக எழும். 'வேலை என்று சொல்லாதீர்கள், தொண்டு என்று சொல்லிக்கொள்ளுங்கள்' என்று கற்றுக்கொடுக்கும் முகவர்களும் இருக்கிறார்கள். பெயரை மாற்றுவதால் அனுமதி பற்றிய கேள்வி நீங்கிவிடுவதில்லை. தவிரவும், குடியேற்ற அதிகாரியின் முன் பொய்யுரைத்துவிட்டு நுழைந்து, மறுநாள் வகுப்பறையில் பிள்ளைகளுக்கு முன் நிற்பது ஆசிரியருக்கு அழகாகுமா?

மூன்றாவதாகக் கணக்குப் பார்த்தோம். கோபுரம் கட்ட விரும்புகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிடுவான் என்று ஆண்டவர் சொன்ன உவமையை நாம் மேடையில் பலமுறை விளக்கியிருக்கிறோம். அன்று அந்தத் தாயையும் மகளையும் மேசைக்கு முன் அமர்த்தி, ஒரு தாளில் மெய்யாகவே எழுதிப் பார்த்தோம்.

ஒரு பாத்துக்கு ஏறத்தாழ இரண்டரை ரூபாய் என்று கொண்டோம். இரண்டு மாத ஊதியம் முழுவதும் குறையாமல் வந்தால் ஒரு இலட்சத்து இருபத்தையாயிரம் ரூபாய். இது வரவு. செலவு என்ன? முகவர் கட்டணம் எழுபதாயிரம். சென்னையிலிருந்து பாங்காக்குக்குப் போக வர விமானக் கட்டணம் இருபத்தெட்டாயிரம். அறை வாடகைக்கும் உணவுக்கும் மாதம் எண்ணாயிரம் பாத் என்று சிக்கனமாக வைத்தாலும் இரண்டு மாதத்துக்கு நாற்பதாயிரம் ரூபாய். ஆக மொத்தம் ஒரு இலட்சத்து முப்பத்தெட்டாயிரம். பதின்மூவாயிரம் ரூபாய் குறைகிறது. முகவருக்கும் விமானத்துக்குமான தொண்ணூற்றெட்டாயிரத்தைக் கடனாகத்தான் வாங்க வேண்டும். நூற்றுக்கு மூன்று வட்டி. மூன்று மாத வட்டி எண்ணாயிரத்து எண்ணூற்று இருபது. எல்லாம் சொன்னபடி நடந்து, முகவர் பேச்சு மாறாமல், நோய் நொடி வராமல், சம்பளம் ஒரு நாளும் பிடிக்கப்படாமல் திரும்பி வந்தாலும், இருபத்தோராயிரத்து எண்ணூற்று இருபது ரூபாய் கூடுதல் கடனோடு அவர் வீடு சேர்வார்.

தாயார் அந்தத் தாளை நெடுநேரம் பார்த்தார். மகள், "ஊதியத்தை மட்டும் பெருக்கிப் பார்த்தேன் சாமி, செலவைக் கூட்டிப் பார்க்கவில்லை" என்றார். அறிவிற் குறைந்தவர் அல்லர் அவர். கடன் கழுத்தை நெரிக்கும்போது பெருக்கல் மட்டுமே மனத்துக்கு வருகிறது, கூட்டல் வருவதில்லை. முகவர்கள் இதை நன்கு அறிவர்.

அந்த எழுபதாயிரத்தைப் பற்றியும் ஒரு சொல். 1983ஆம் ஆண்டின் குடிபெயர்தல் சட்டப்படி, வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்ப்பவர் மத்திய அரசிடம் பதிவு பெற்றிருத்தல் வேண்டும். பதிவு பெற்ற முகவரும், வேலை தேடுபவரிடம் சேவைக் கட்டணமாக முப்பதாயிரம் ரூபாய்க்கும் அதற்குரிய வரிக்கும் மேல் வாங்கலாகாது என்று அரசு விதித்துள்ளது. பதிவு பெற்றோரின் பெயர்கள் அரசின் 'இ-மைகிரேட்' இணையதளத்தில் எவரும் பார்க்கும்படி வைக்கப்பட்டுள்ளன. நம் ஆசிரியையிடம் பேசிய முகவரின் பெயரை அங்கே தேடினோம்; காணவில்லை. பட்டம் பெற்றவர்களுக்குக் குடிபெயர்தல் அனுமதி முத்திரை தேவைப்படுவதில்லை. ஆதலின் அவர்கள் அரசு அலுவலகம் எதன் வாசலையும் மிதியாமலே விமானம் ஏறிவிட முடிகிறது. படிக்காத தொழிலாளிக்குச் சட்டம் கட்டிய வேலி படித்தவருக்கு இல்லை. அவர் தமக்குத் தாமே வேலி கட்டிக்கொள்ள வேண்டியவராகிறார்.

நாம் கேட்ட இருபது நாள் அவகாசம் முடியுமுன்பே செய்தித்தாள்களில் ஒரு செய்தி வந்தது. 2025 மார்ச்சு 10, 11 ஆகிய நாட்களில், மியான்மர் எல்லையில் சிக்கியிருந்த ஐந்நூறுக்கும் மேற்பட்ட இந்தியர்களை, தாய்லாந்தின் மே சோட் நகரிலிருந்து இந்திய விமானப்படை விமானங்கள் அழைத்து வந்தன. நல்ல வேலை என்று தாய்லாந்துக்கும் அண்டை நாடுகளுக்கும் வரவழைக்கப்பட்டு, எல்லை கடத்தப்பட்டு, மியாவடி முதலிய இடங்களில் இணையவழி மோசடி செய்யும் கூடங்களில் அடைக்கப்பட்டவர்கள் அவர்கள். நம் வெளியுறவு அமைச்சகம் 2022 செப்டம்பரிலேயே இதைப் பற்றி எச்சரிக்கை விடுத்திருந்தது. அதே ஆண்டு அக்டோபரில் மீட்கப்பட்டவர்களுள் தமிழ்நாட்டு இளைஞர் பதின்மூவர் இருந்தனர்.

நடுநிலையோடு ஒன்றைச் சொல்ல வேண்டும். அவர்களுள் பெரும்பாலோர் கணினிப் பணி, விற்பனைப் பணி என்று அழைக்கப்பட்டவர்கள். ஆங்கில ஆசிரியர் வேலை என்றால் அது மோசடிக் கூடத்தில்தான் முடியும் என்று நாம் சொல்ல வரவில்லை. ஆனால் அவர்கள் நுழைந்த வாசலும் இந்த ஆசிரியைக்குக் காட்டப்பட்ட வாசலும் ஒன்றே. பதிவு பெறாத முகவர், சுற்றுலாப் பயணியாக நுழைவு, கையில் ஒப்பந்தம் இல்லை, போய்ச் சேர்ந்தபின் எல்லாம் பார்த்துக்கொள்ளலாம் என்னும் பேச்சு. அந்த வாசலுக்கு அப்பால் இருப்பது பள்ளியா படுகுழியா என்பது வாசலில் நிற்பவருக்குத் தெரியாது.

இதுகாறும் போகிறவரின் நலத்தையே பேசினோம். கற்கப்போகும் பிள்ளைகளை யாரும் நினைப்பதில்லை. ஆறு வாரத்தில் அவர்களுக்கு என்ன கற்பிக்க இயலும்? இதைப் பற்றி நம் மறைவட்டத்தைச் சேர்ந்த ஆசிரியர் ஒருவரிடம் கேட்டோம். அவர் முறைப்படி ஒப்பந்தமும் அனுமதியும் பெற்று, தாய்லாந்தின் உள்நாட்டுப் பள்ளியொன்றில் இரண்டாண்டுகள் ஆங்கிலம் கற்பித்துத் திரும்பியவர்.

முதல் மாதம் முழுவதும் பிள்ளைகளின் பெயரைக் கற்பதிலேயே கழிந்தது என்றார் அவர். அங்கே ஒவ்வொரு பிள்ளைக்கும் பதிவேட்டுப் பெயர் ஒன்று, அழைக்கும் பெயர் மற்றொன்று. அழைக்கும் பெயர் 'பால்', 'பாங்க்', 'ஐஸ்' என்று ஆங்கிலச் சொல்லாகவும் இருக்கும். ஆசிரியரை அவர்கள் 'க்ரூ' என்று அழைக்கின்றனர்; நம் குருவே அது. அவர்களுடைய எழுத்தும் கெமர் எழுத்தின் வழியாகப் பல்லவர் கால எழுத்திலிருந்து கிளைத்தது. இவ்வளவு உறவு இருந்தும் மொழியின் இயல்பு முற்றிலும் வேறு. தாய் மொழியில் வினைச்சொல் காலத்துக்கேற்ப உருமாறுவதில்லை. நேற்று, இன்று, நாளை என்னும் சொல்லே காலத்தைக் காட்டும். வினை அப்படியே நிற்கும். போனான், போகிறான், போவான் என்று பிறந்தது முதல் பேசிப் பழகிய நமக்கு, காலம் காட்டும் வினையை அவர்கள் ஏன் மறந்து மறந்து விடுகின்றனர் என்பது விளங்கவே சில வாரங்கள் ஆகும். சொல்லின் ஈற்றில் லகர ஒலி அவர்கள் வாயில் னகரமாகிவிடும். 'புட்பால்' என்பது 'புட்பான்' ஆகும். அது சோம்பலாலோ அறியாமையாலோ அன்று. அவர்கள் மொழியில் லகரம் ஈற்றில் நில்லாது. இதை அறியாத ஆசிரியர் பிள்ளையை அதட்டுவார். அறிந்தவர் வேறு வழி தேடுவார்.

"அப்படியானால் ஆறு வாரத்தில் பயனே இல்லையா?" என்று கேட்டோம். "உண்டு சாமி. இலக்கணம் வராது, ஆனால் கூச்சம் போகும். வெளிநாட்டவர் ஒருவரிடம் வாய் திறந்து நான்கு வார்த்தை பேசும் துணிவு வரும். பாட்டும் விளையாட்டுமாக நடத்தத் தெரிந்தவருக்கு அது இயலும். நம் ஊரில் போல் பலகையில் எழுதி ஒப்பிக்கச் சொன்னால் அதுவும் வராது" என்றார்.

கடல் கடந்து கற்பிக்கச் சென்றவர்கள் முன்பும் உண்டு. அவர்கள் முதலில் மாணவராயிருந்தனர் என்பதை நினைக்கலாம். வீரமாமுனிவர் தமிழகம் வந்தபின் தமிழைக் கற்று, 1732இல் சதுரகராதியைத் தொகுத்தார். சயாம் என்னும் பெயரோடு விளங்கிய அதே தாய்லாந்துக்கு 1662இல் சென்ற பிரெஞ்சு குருக்கள் அங்கே நிறுவிய குருமடம், போர்க் காலத்தில் இடம்பெயர்ந்து, 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நம் புதுச்சேரியை அடுத்த வீராம்பட்டினத்தில் சில காலம் நடைபெற்றது. அவர்களோடு இக்கால ஆசிரியரை ஒப்பிடுவது நம் நோக்கமன்று. ஆறு வாரத்துக்குச் செல்பவரும், புறப்படுமுன் ஆறு நாளேனும் அந்நாட்டு மொழியின் இயல்பையும் மக்களின் வழக்கத்தையும் கற்றுச் செல்லலாம் அன்றோ?

இனி நடந்ததைச் சொல்வோம். நம் யோசனையின்படி அந்த ஆசிரியை முகவரிடம் மூன்று தாள்களைக் கேட்டார். அழைக்கும் பள்ளியின் பெயரும் முகவரியும் கையொப்பமும் கொண்ட ஒப்பந்தம் ஒன்று. பணி அனுமதிக்கு விண்ணப்பிப்பவர் யார் என்பதை எழுத்தில் காட்டும் கடிதம் ஒன்று. கட்டணத்துக்கு முறையான இரசீது ஒன்று. பள்ளியின் பெயரை மட்டும் முகவர் சொன்னார். மற்றவை போய்ச் சேர்ந்தபின் கிடைக்கும் என்றார். இரண்டு நாளில் பணம் கட்டாவிட்டால் இடம் வேறொருவருக்குப் போய்விடும் என்றும் சொன்னார்.

ஆசிரியை அந்தப் பள்ளிக்குத் தாமே நேரடியாக மின்னஞ்சல் எழுதினார். ஐந்தாம் நாள் மறுமொழி வந்தது. பண்பான மறுமொழி அது. தங்கள் பள்ளியில் கோடை வகுப்பு மார்ச்சு நடுவில் தொடங்கி ஏப்ரல் இறுதியில் முடியும் என்றும், அதைத் தங்கள் பள்ளியில் ஏற்கெனவே பணியிலுள்ள ஆசிரியர்களே நடத்துகின்றனர் என்றும், வெளியிலிருந்து எவரையும் இரண்டு மாதத்துக்கு அழைப்பதில்லை என்றும், அந்த முகவரைத் தாங்கள் அறியோம் என்றும் அதில் எழுதியிருந்தது. மே மாதம் தொடங்கும் ஓராண்டு ஒப்பந்தத்துக்கு விரும்பினால் விண்ணப்பிக்கலாம், அனுமதிப் பத்திரங்களைத் தாங்களே ஏற்பாடு செய்வோம் என்றும் இறுதியில் குறித்திருந்தனர்.

இதில் ஒரு நடைமுறை உண்மை அடங்கியிருக்கிறது. விசா, பணி அனுமதி, ஆசிரியர் மன்றத்தின் இசைவு ஆகிய அனைத்துக்கும் பல வாரங்கள் ஓட வேண்டியிருக்க, ஆறு வார வேலைக்காக எந்தப் பள்ளி அவ்வளவு பாடுபடும்? முறையான வேலை என்றால் அது பெரும்பாலும் ஓராண்டாயிருக்கிறது. இரண்டு மாத வேலை என்றால் அது பெரும்பாலும் முறையற்றதாயிருக்கிறது. விதிவிலக்குகள் இருக்கலாம், அவற்றை மெய்ப்பிக்க வேண்டியது அழைப்பவரின் கடமை.

அவ்வாண்டு கோடையில் அந்த ஆசிரியை எங்கும் செல்லவில்லை. பங்கின் மன்றத்தில் ஆறு வாரங்கள் ஆங்கிலப் பேச்சு வகுப்பு நடத்தினார். பத்தாம் வகுப்பு முடித்தோரும், வெளிநாட்டுத் தேர்வுக்கு ஆயத்தமாகும் செவிலியரும், கடைகளில் பணிபுரியும் இளைஞர் சிலருமாக முப்பத்திரண்டு பேர் சேர்ந்தனர். தலைக்கு எண்ணூறு ரூபாய். இருபத்தையாயிரத்து அறுநூறு ரூபாய் கிடைத்தது. கடன் முழுவதும் தீர்ந்துவிடவில்லை. வட்டியும் முதலில் ஒரு சிறு பங்கும் அடைந்தன. கூச்சத்தைப் போக்கக் கற்பிக்கும் முறையை அவர் அங்கேதான் பழகினார் என்று சொல்ல வேண்டும்.

அவருக்கு வெளிநாட்டு ஆசை போய்விட்டதென்று எண்ண வேண்டாம். ஓராண்டு ஒப்பந்தத்துக்கு விண்ணப்பிக்கலாமா என்று இன்றும் நினைத்துக்கொண்டிருக்கிறார். தந்தையாரின் உடல்நிலை ஒரு பக்கம் இழுக்கிறது. கடன் மறுபக்கம் தள்ளுகிறது. நோயாளியை யார் பார்ப்பது என்று தாயார் கேட்கிறார். இதற்கு நம்மிடமும் ஆயத்தமான விடையில்லை. ஆனால் அவர் கேட்ட நற்சான்றை மனமார எழுதிக் கொடுத்துவிட்டோம். எந்த நாளில் எந்தப் பள்ளிக்கு அனுப்புவது என்பதை அவரும் அவர் குடும்பமுமே தீர்மானிப்பர். இப்போது அவர் தீர்மானிப்பது கண்ணைத் திறந்துகொண்டு என்பதே நமக்கு நிறைவு.

நம் குடும்பங்களில் இத்தகைய அழைப்பு வரும்போது, பெற்றோரும் பிள்ளைகளும் ஒன்றாக அமர்ந்து சில கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுமாறு வேண்டுகிறோம். அழைக்கும் பள்ளி எது. அதனோடு நாமே நேரில் பேசினோமா? எந்த விசாவில் போகிறோம். அந்த விசா வேலைக்கு இடம் தருகிறதா? பணி அனுமதியை யார் பெற்றுத் தருகிறார்? முகவர் பதிவு பெற்றவரா. கேட்கும் கட்டணம் சட்டம் அனுமதித்த அளவுக்குள் உள்ளதா? எல்லாச் செலவும் வட்டியும் போக மிஞ்சுவது எவ்வளவு? திரும்பி வரும் பயணச்சீட்டும் கடவுச்சீட்டும் யார் கையில் இருக்கும்? இவற்றுள் ஒன்றுக்கேனும் விடை கிடைக்காவிடில், பணம் கட்டும் நாளைத் தள்ளிப்போடுங்கள். இரண்டு நாளில் போய்விடும் என்று அச்சுறுத்தப்படும் வேலை, போகட்டும்.

உதவி கேட்பதற்கு இடங்களும் உள்ளன. குடிபெயர்வோரைப் பாதுகாக்கும் மத்திய அரசு அலுவலகம் சென்னையில் இருக்கிறது. தமிழ்நாடு அரசு 1978இல் தொடங்கிய அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும், அயலகத் தமிழர் நலத்துறையும் இருக்கின்றன. இவை மக்களின் வரிப்பணத்தில் நடப்பவை. போய்க் கேட்பதற்குக் கூச்சம் வேண்டியதில்லை. ஊரில் முறையாகப் போய் வந்தவர் இருப்பின் அவரிடமும் கேளுங்கள். விளம்பரம் சொல்லாததை அவர் சொல்வார்.

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பார்கள். கடலுக்கு அப்பால் போடுவதை இன்னும் கவனமாக அளக்க வேண்டும். அளந்து பார்த்தபின்னும் போகத்தக்கது என்று தெளிந்தால், தாராளமாகப் போகட்டும் நம் பிள்ளைகள். முறையான தாள்களோடும், அந்நாட்டு மொழியில் நாலு வார்த்தையோடும், தலை நிமிர்ந்து போகட்டும். அங்கே எந்தப் பிள்ளையாவது அவர்களை 'க்ரூ' என்று கைகூப்பி அழைக்கும்போது, அந்தச் சொல்லுக்குத் தகுதியானவராக அவர்கள் வகுப்பறையில் நிற்கட்டும்.